நான்கு வயதுக் குழந்தையிடம் நிறத்தையும் சாதியையும் பற்றிப் பேசலாமா?

சிறு நகரம் ஒன்றின் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியராக இருக்கிறீர்கள். சிறுமி ஒருத்தி, புதிதாகப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட குழந்தையைக் காட்டி, "இவ கருப்பா இருக்கா மிஸ், நான் இவ பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று சொன்னாள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லி இடத்தை மாற்றிவிட்டீர்கள். இதைப் பற்றி வகுப்பில் மேலும் பேசலாமா, பேசினால் வேற்றுமையே அறியாத குழந்தைகளுக்கு நாமே அதைக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடாதா என்பது உங்கள் கேள்வி. தலைமையாசிரியரும் "பிள்ளைகளுக்கு என்ன தெரியும், விட்டுவிடுங்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

பேசத்தான் வேண்டும். அந்தச் சிறுமி அந்த வாக்கியத்தை உங்கள் வகுப்பில் கற்கவில்லை. கற்றுக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறாள். வேற்றுமையைக் கவனிக்கும் திறன் பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்கு வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாட்களே ஆன வெள்ளையினக் குழந்தைகள் எல்லா இனத்தவரின் முகத்தையும் ஒன்றுபோலவே பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ தம் இனத்தவரின் முகத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. அடுத்த ஆண்டு இஸ்ரேலிலிருந்து வெளியான ஆய்வில், எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களில் பிறந்து, இரு நிறத்தவரையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த மூன்று மாதக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. பச்சிளங்குழந்தைக்கு வெறுப்பு உண்டு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பழகிய முகத்தைக் கண் நாடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கவனித்த வேற்றுமைக்கு என்ன மதிப்புக் கொடுப்பது, எது உயர்த்தி, எது தாழ்த்தி என்பதைக் குழந்தை சுற்றியிருக்கும் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நாம் வாய் திறக்காமல் இருந்தால் அந்த இடத்தை வீடும் தெருவும் தொலைக்காட்சியும் நிரப்பிவிடும்.

இதற்கான பழைய சான்று அமெரிக்காவில் இருக்கிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் இருவரும் உளவியலாளர்கள். 1940களில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்த பொம்மைகளைக் கொடுத்து, எதோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இல்லை என்றெல்லாம் கேட்டார்கள். மூன்றில் இரு பங்கினர் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் பழுப்புப் பொம்மைதான் பார்க்க நன்றாக இல்லை என்றார்கள். கடைசியாக "உன்னைப்போல் இருப்பது எது" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதார்கள். சிலர் அறையை விட்டே ஓடினார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வகை ஆய்வுகளையும் மேற்கோள் காட்டியது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, பாதிக்கப்படும் குழந்தையும் அதே பாடத்தைத்தான் கற்கிறது என்பதை. உங்கள் வகுப்பில் ஒதுக்கப்பட்ட குழந்தை, தான் ஒதுக்கப்பட வேண்டியவள்தான் என்று எண்ணத் தொடங்கியிருக்கலாம். இடத்தை மாற்றியபோது, தன் நிறத்தால் ஏற்பட்ட சிக்கலை மிஸ் சரிசெய்துவிட்டார் என்றுதான் அவள் புரிந்துகொண்டிருப்பாள்.

அமெரிக்காவின் இன வேற்றுமையை அப்படியே நம் நிற வேற்றுமையோடு பொருத்த முடியாது. நம்மிடம் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைக்குள்ளேயே இந்தத் தராசு இருக்கிறது. பிள்ளை பிறந்த சேதி வந்தவுடன் "என்ன கலர்" என்று கேட்கிறோம். காது மடலைப் பார்த்து, வளர்ந்தால் என்ன நிறம் வரும் என்று பாட்டிமார் கணிக்கிறார்கள். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதைப் பாராட்டு என்று நினைத்துக் குழந்தையின் எதிரிலேயே சொல்கிறோம். நான்கு வயதில் அந்தச் சிறுமி சொன்னது, இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை கூட்டிப் போட்ட கணக்கின் விடை.

சாதி வேறு வழியாக வருகிறது. நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் சாதியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தத் தெருவுக்கு விளையாடப் போகக் கூடாது, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அடி விழும், யார் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார், தாத்தாவைவிட மூத்த ஒருவரை அப்பா ஏன் பெயர் சொல்லி "வாடா, போடா" என்கிறார் என்பதெல்லாம் அதன் கண்ணில் படுகின்றன. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்தார்கள். 2023இல், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த சில நாட்களிலேயே, கரூர் மாவட்டத்தில் ஓர் ஊரில் அருந்ததியர் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அந்த உணவை உண்ண வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சாதியை விளக்கிச் சொல்லத் தெரியாது. எந்தத் தட்டைத் தொடக் கூடாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி காரணமாகச் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள், நெற்றி அடையாளங்கள் போன்றவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அது தேவையான நடவடிக்கை. ஆனால் கயிறு கட்டும் வயது வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தட்டையும் தம்ளரையும் பிரிக்கும் பாடம் முடிந்துவிடுகிறது என்பதால்தான் மழலையர் ஆசிரியரின் வேலை இவ்வளவு முக்கியமாகிறது.

இந்த வேலைக்கு ஒரு தெளிவான சட்டகத்தைத் தந்தவர் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் பசிஃபிக் ஓக்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ். அவரும் சக ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய பாரபட்ச எதிர்ப்புப் பாடத்திட்டம் 1989இல் நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில் அதை விரிவுபடுத்தி நான்கு இலக்குகளாகத் தெளிவுபடுத்தினார்கள். தான் யார், தன் குடும்பம் எது என்பதில் குழந்தைக்குக் கூச்சமோ கர்வமோ இல்லாத நிறைவு வேண்டும். தன்னைப் போல் இல்லாதவரோடு இயல்பாகப் பழகவும், வேற்றுமையைச் சரியான சொற்களால் பேசவும் தெரிய வேண்டும். அநியாயம் நடந்தால் அது அநியாயம் என்று அடையாளம் காணவும், அது வலிக்கும் என்று உணரவும் வேண்டும். தனக்கோ மற்றவருக்கோ அது நடக்கும்போது எதிர்த்துச் சொல்லும் துணிவு வேண்டும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் முதல் இரண்டில் கொஞ்சம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். பொங்கலுக்குப் பானை, கிறிஸ்துமஸுக்குக் குடில், ரம்ஜானுக்குத் தொப்பி, சுதந்திர தினத்துக்கு மாநிலத்துக்கொரு உடை. இவ்வகைக் கொண்டாட்டத்தைச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று அவர் குறை சொன்னார். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரி, மறுநாள் வகுப்பு பழையபடியே இருக்கும். ரம்ஜானன்று தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட வகுப்பில், இஸ்லாமியக் குழந்தையின் பெயரை ஆசிரியர் ஆண்டு முழுவதும் தப்பாகவே உச்சரித்துக்கொண்டிருந்தால் அந்தக் கொண்டாட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

இனி, அந்தச் சிறுமி சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அதே நிமிடத்தில், அதட்டாமல், இரண்டு குழந்தைகளுக்கும் கேட்கும்படி மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலில், கண்ணால் கண்டது உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள்: "ஆமா, அவ தோல் கருப்பு நிறம், உன்னோடது மாநிறம், என்னோடது இன்னும் கொஞ்சம் வேற." அடுத்து, சொன்னதில் எது தவறு என்பதைப் பிரித்துக் காட்டுங்கள்: "ஆனா கருப்பா இருக்கறதுனால பக்கத்துல உக்கார மாட்டேன்னு சொன்னா அவளுக்கு வலிக்கும், அது நியாயம் இல்ல. நம்ம வகுப்புல யாரும் யாரையும் அப்படி ஒதுக்கக் கூடாது." பிறகு ஒதுக்கப்பட்ட குழந்தையிடம் நேராகப் பேசுங்கள்: "உன் மேல எந்தத் தப்பும் இல்ல. இது உன் இடம். நீ இங்கயேதான் உக்காருவ." இடத்தை மாற்றுவதானால், ஒதுக்கிய குழந்தைதான் எழுந்துபோக வேண்டுமே தவிர ஒதுக்கப்பட்டவள் எழக் கூடாது. "சாரி சொல்லு" என்று வற்புறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு வயதில் அது ஒரு மந்திரம். சொல்லிவிட்டால் மிஸ் விட்டுவிடுவார் என்று மட்டுமே குழந்தைக்குப் புரிகிறது.

"எல்லாரும் ஒண்ணுதான்" என்ற பதிலை நல்லெண்ணத்தோடுதான் சொன்னீர்கள். ஆனால் குழந்தை தன் கண்ணெதிரில் காண்பதை மிஸ் இல்லை என்கிறாரே என்று குழம்பும். இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று முடிவுசெய்து, உங்களுக்குக் கேட்காத இடத்தில் சொல்லத் தொடங்கும். "கருப்புதான் அழகு" என்ற பதிலையும் நான் பரிந்துரைப்பதில்லை. பல ஆசிரியர்கள் உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்கிறார்கள். யார் அழகு என்ற தராசு அப்படியே இருக்க, தட்டை மட்டும் மாற்றிப் பிடித்ததாகத்தான் அது முடியும். பக்கத்தில் உட்காரும் உரிமைக்கு அழகாக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதைத்தான் குழந்தை கற்க வேண்டும்.

அடுத்த சில நாட்களில் இதைச் செயல்பாடாக மாற்றலாம். உங்கள் வகுப்பில் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது கவனியுங்கள்: முகத்துக்கு வண்ணம் அடிக்க நேர்ந்தால் குழந்தைகள் "ஸ்கின் கலர் குடு" என்று கேட்பார்கள், இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வெளிர்நிறக் கிரேயானை எடுப்பார்கள். கேட்ட குழந்தை உட்பட அந்த வகுப்பில் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இருக்காது. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்ற பெயரை 1962இலேயே பீச் என்று மாற்றிவிட்டது. நம் குழந்தைகளின் பேச்சில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கருப்பு ஆகிய ஐந்து போஸ்டர் வண்ணங்களையும் பழைய இட்லித் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையும் குழியில் வண்ணங்களைக் கலந்து, முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, தன் தோலோடு ஒத்துப்போகும்வரை கூட்டிக் குறைக்கட்டும். யாருடைய நிறமும் ஒரே புட்டியிலிருந்து வருவதில்லை, எல்லோருக்கும் பழுப்பு தேவைப்படுகிறது, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு அதிகம் என்பதைக் கை கண்டுபிடித்துவிடும். அந்த நிறத்துக்குக் குழந்தைகளே பெயர் வைக்கட்டும். புளி, வெல்லம், பனங்கிழங்கு, காப்பி என்று அருமையான பெயர்கள் வரும். நிறம் என்பது அழுக்கு, சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அதைக் கேட்டுச் சிரிக்காமல், எல்லோரும் கைகழுவிப் பார்க்கட்டும். வண்ணப் பொட்டு போகும், தோல் நிறம் போகாது. தோலில் மெலனின் என்ற ஒன்று இருக்கிறது, அது அதிகம் இருந்தால் கருப்பு, குறைவாக இருந்தால் வெளுப்பு, வெயிலிலிருந்து தோலைக் காப்பது அதன் வேலை என்று சொன்னால் நான்கு வயதுக்கு அந்த விளக்கம் போதும்.

அதே கண்ணோடு உங்கள் சுவரையும் பாட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். எல்.கே.ஜி.யில் நாம் வழிவழியாகச் சொல்லிக்கொடுக்கும் 'சப்பி சீக்ஸ்' பாட்டு, நீலக் கண்ணும் மிக வெளுத்த நிறமும் கொண்ட குழந்தையை வருணித்துவிட்டு, டீச்சருக்குப் பிடித்த பிள்ளை நீதானா என்று கேட்டு முடிகிறது. தமிழ்நாட்டு வகுப்பறையில் அதைப் பாடும் ஒரு குழந்தையும் அந்த வருணனைக்குள் வராது. 2020இல் மேற்கு வங்கத்தில் முன்மழலையர் எழுத்துப் புத்தகம் ஒன்றில் 'அக்லி' (அசிங்கமான) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கருநிறச் சிறுவன் படம் போடப்பட்டிருந்தது தெரியவந்து, இரண்டு ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அது அப்பட்டமாக இருந்ததால் பிடிபட்டது. அப்பா செய்தித்தாள் படிக்க அம்மா தோசை வார்க்கும் ஃப்ளாஷ் கார்டும், மாடி வீட்டை மட்டுமே வீடு என்று காட்டும் படமும் யார் கண்ணிலும் படுவதில்லை. குடிசையிலிருந்தோ தகரக் கொட்டகையிலிருந்தோ வரும் குழந்தைக்கும், பாட்டியிடம் மட்டுமே வளரும் குழந்தைக்கும், தன் வீடு வீட்டுக் கணக்கில் சேராது என்பது அந்தச் சுவரிலிருந்தே தெரிந்துவிடுகிறது. செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தையின் வீட்டாரோடு எடுத்த படத்தையும் குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டிவையுங்கள், அது போதும்.

ஆண்டு விழாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டு முழுவதும் சொன்னதை அந்த ஒரு மாலை அழித்துவிடுகிறது. நடனத்தில் முன்வரிசைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், ராதை வேடம் யாருக்கு, ராட்சசன் வேடம் யாருக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பல பள்ளிகளில் அந்தத் தாள் நிறவாரியாக வரிசைப்படுத்திய பட்டியலைப் போலவே இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. 'மேடையில் எடுப்பாக இருக்கும்' என்ற பேச்சோடு அது நடந்துவிடுகிறது. பாட்டுக்கு நடுவில் வரிசை மாறும்படி நடனத்தை அமைத்துவிட்டால், முன்னால் வராத குழந்தை என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் போல் பாரபட்சம் வெளிப்படையாகத் தெரியும் நேரம் வகுப்பில் வேறு இல்லை. அசைவம் கொண்டுவரக் கூடாது என்ற விதி பல தனியார் பள்ளிகளில் இருக்கிறது. அந்த விதி உங்கள் பள்ளியில் இருந்தால், அதைக் குழந்தைகளுக்கு யார், எந்தச் சொற்களால் சொல்கிறார் என்று பாருங்கள். தெரியாமல் முட்டையோ மீன் குழம்போ கொண்டுவந்த குழந்தையின் டிஃபன் பாக்ஸை மூடி, மூக்கைச் சுளித்து, "இதெல்லாம் இங்க கொண்டுவரக் கூடாதுன்னு தெரியாதா?" என்று ஆயாம்மா கேட்கும்போது, தன் அம்மாவின் கை அசுத்தம் என்று அந்தக் குழந்தையும், சுற்றியிருக்கும் மற்ற குழந்தைகளும் ஒரே நேரத்தில் கற்கிறார்கள். அங்கன்வாடியில் இதே வயதுக் குழந்தைகளுக்கு அரசே முட்டை கொடுக்கிறது என்பதை நிர்வாகத்துக்கு நினைவூட்டலாம். விதியை மாற்ற உங்களால் முடியாவிட்டாலும், "நாத்தம்", "உவ்வே", "சீ" ஆகிய சொற்கள் யார் சாப்பாட்டைப் பார்த்தும் வரக் கூடாது என்ற வகுப்பு விதியை உங்களால் கொண்டுவர முடியும். "எனக்குப் பழக்கமில்ல, வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்; அது மரியாதையான சொல். தண்ணீர்ப் பானைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரித் தம்ளர் இருக்கட்டும். தட்டை எடுக்கவும் வகுப்பைப் பெருக்கவும் உதவிக்குக் கூப்பிடும்போது முறை வைத்துக் கூப்பிடுங்கள். எப்போதும் ஒரே இரண்டு மூன்று குழந்தைகள் பெருக்குகிறார்கள் என்றால், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதியின் பெயரை நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லி விளக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதுக்கு நியாயம் என்ற ஒன்று நன்றாகவே தெரியும். "அவனுக்கு மட்டும் ரெண்டு குடுத்தீங்க" என்று சண்டைக்கு வராத மூன்று வயதுக் குழந்தையை நான் பார்த்ததில்லை. அந்த உணர்விலிருந்து தொடங்குவதற்கு ஒரு நல்ல கருவி, பொம்மையை வைத்துக் கதை பேசுவது. கலிஃபோர்னியாவில் ஆசிரியராக இருந்த கே டவுஸ் தொடங்கிய முறை இது. பிரிட்டனில் பபெட் பிரவுன் இதைப் பரப்பினார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றது. துணிப்பொம்மை ஒன்றுக்குப் பெயர், வயது, வீடு, அம்மா அப்பா செய்யும் வேலை, பிடித்த சாப்பாடு, பயப்படும் விஷயம் எல்லாவற்றையும் நிரந்தரமாக முடிவுசெய்கிறோம். அது விளையாட்டுச் சாமான் கூடையில் கிடக்காது. வகுப்புக்கு விருந்தாளியாக வந்து போகும். முதல் சில வருகைகளில் அது சந்தோஷமான செய்திகளை மட்டும் சொல்லட்டும். குழந்தைகளுக்கு அதன் மேல் பிரியம் வந்த பிறகு, ஒருநாள் வருத்தத்தோடு வருகிறது. செல்வி என்று அதற்குப் பெயர் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். நேற்றுத் தோழி வீட்டுக்கு விளையாடப் போனாள், தாகமாக இருந்தது, தண்ணீர் கேட்டாள், எல்லோருக்கும் சில்வர் தம்ளரில் கொடுத்துவிட்டு அவளுக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள். "செல்விக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். "அழுதிருப்பா", "அவளுக்கும் தம்ளர் குடுக்கணும்", "நான் என் வாட்டர் பாட்டில குடுப்பேன்" என்றெல்லாம் பதில் வரும். "எங்க பாட்டியும் அப்படித்தான் குடுப்பாங்க" என்று ஒரு குழந்தை சொல்லவும் கூடும். அப்போது பாட்டியைப் பழிக்காதீர்கள். குழந்தையின் அன்புக்கும் நியாயத்துக்கும் நடுவில் சண்டை மூட்டிவிடக் கூடாது. "சில பெரியவங்க அப்படிப் பழகிட்டாங்க. அது செல்விக்கு வலிக்குது. நம்ம வகுப்புல எல்லாருக்கும் ஒரே தம்ளர்" என்று முடித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டாய விதி: உங்கள் வகுப்பில் நேற்று நடந்த சம்பவத்தை அப்படியே பொம்மையின் கதையாக்காதீர்கள். எல்லோரும் அந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பார்கள். சில வாரங்கள் கழித்து, விவரங்களை மாற்றிச் சொல்லலாம்.

ஆண், பெண் வேறுபாட்டைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு விழிப்பு இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு வயதில் பல குழந்தைகள், ஒரு பையன் வளையல் போட்டால் பெண்ணாகிவிடுவான் என்றே நம்புகிறார்கள். பாலினம் உடையால் மாறாது என்ற தெளிவு ஆறு ஏழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. அதனால்தான் அந்த வயதில் "இது கேர்ள்ஸ் பொம்மை" என்று காவல் காக்கிறார்கள். வரிசையில் நிறுத்தும்போது ஆண், பெண் என்று பிரிக்காமல், பெயரின் முதல் எழுத்தாலோ சட்டைப் பொத்தானின் எண்ணிக்கையாலோ பிரிக்கலாம். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற வாக்கியத்தைப் பள்ளியிலிருந்து அடியோடு எடுத்துவிட வேண்டும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தையை ஒதுக்குவதைவிட, அளவுக்கு மீறி இரங்குவதே நம் வகுப்புகளில் அதிகம் நடக்கிறது. "பாவம், அவளால நடக்க முடியாது, நீங்க எல்லாரும் அவளுக்கு ஹெல்ப் பண்ணணும்" என்று அறிமுகப்படுத்தப்பட்ட குழந்தை வகுப்பின் செல்லப்பிள்ளை ஆகிறது, தோழி ஆவதில்லை. "அவ ஏன் மிஸ் நடக்கல?" என்ற கேள்விக்குக் கூச்சமில்லாத பதில் வேண்டும்: "அவ கால் தசை நம்மள மாதிரி வேலை செய்யல. அவ நகர்ந்து போவா. அவளுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்னு நீயே கேளு." பந்து விளையாட்டை எல்லோருமே தரையில் உட்கார்ந்து ஆடும்படி மாற்றினால் உதவி செய்பவர், உதவி பெறுபவர் என்ற பிரிவு அங்கே மறைந்துவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அங்கன்வாடிகளில் இக்குழந்தைகளை எப்படிக் கண்டறிந்து சேர்த்துக்கொள்வது என்பதற்கான நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் வெளியிட்டது. தனியார் பள்ளியில் இருந்தாலும் அதை வாங்கிப் படியுங்கள்.

மொழியிலும் இதுவே நடக்கிறது. செங்கல் சூளைக்கும் பின்னலாடை ஆலைக்கும் வந்த ஒடியா மொழி பேசும் குடும்பத்துக் குழந்தையும், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் குழந்தையும் வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தால், மந்தமான பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள். புது மொழிக்குள் வரும் குழந்தைக்கு அந்த மௌன காலம் இயல்பானது. தண்ணீர், பசி, வலி, சிறுநீர், அம்மா எப்போது வருவாள் என்பதற்கான சொற்களை அந்த மொழியில் பெற்றோரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள். மற்ற குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஆசிரியரின் கண் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழுவினர், மழலையர் ஆசிரியர்களுக்கு நான்கு குழந்தைகள் விளையாடும் காணொளியைக் காட்டி, குறும்பு நடக்கப்போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். காணொளியில் குறும்பு எதுவுமே இல்லை. ஆனால் கண்ணின் அசைவைப் பதிவுசெய்த கருவி, ஆசிரியர்கள் கறுப்பினச் சிறுவனையே அதிகம் பார்த்ததைக் காட்டியது. யாரை அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது என்று கேட்டபோது நூற்றுக்கு 42 பேர் அந்தச் சிறுவனைத்தான் சொன்னார்கள். கறுப்பின ஆசிரியர்களின் கண்ணும் அவன் மேல்தான் அதிகம் நின்றது. உங்கள் சக ஆசிரியர் ஒருவரை, ஒரு காலைப்பொழுது பின்னால் உட்கார்ந்து கோடு போடச் சொல்லுங்கள். யாரைப் பெயர் சொல்லி அழைத்தீர்கள், யாரை "ஏய்" என்றீர்கள், கதை சொல்லும்போது யார் உங்கள் மடியில் இருந்தார்கள், மூக்கு ஒழுகிய குழந்தைகளில் யாருக்குக் கைக்குட்டையை எடுத்தீர்கள், யாரை ஆயாவிடம் அனுப்பினீர்கள் என்பவை தனித்தனிக் கோடுகளாக வரட்டும். அந்தத் தாளை மேலதிகாரி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை; உங்களுக்குத்தான் அது தேவை.

பெற்றோர் எதிர்ப்புக்கு நீங்கள் பயப்படுவது நியாயமானதே. "என் பொண்ண அந்தப் பிள்ள பக்கத்துல உக்காரவைக்காதீங்க" என்று யாராவது வந்து நின்றால், வாக்குவாதத்தில் இறங்காமல், "எங்கள் வகுப்பில் வாரந்தோறும் எல்லோருக்கும் இடம் மாறும், யாருக்காகவும் அதை மாற்ற முடியாது" என்று சொல்லுங்கள். வாராவாரம் இடம் மாற்றும் வழக்கத்தை இப்போதே தொடங்கிவிட்டால், பிறகு இதைச் சொல்வது எளிது. நிர்வாகமே அந்தப் பெற்றோருக்கு இணங்கச் சொன்னால், சட்டத்தை எழுத்தில் எடுத்துக் காட்டுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்கீழ், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தைகளைத் தனி வகுப்பிலோ தனி நேரத்திலோ பிரித்துவைக்கக் கூடாது என்றும், பாடநூல், சீருடை, விளையாட்டு எதிலும் பாகுபாடு கூடாது என்றும் மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தைக்கு மன உளைச்சல் தருவதையும் உடல் தண்டனையோடு சேர்த்தே தடைசெய்கிறது. கல்விக் கட்டணத்தை அரசு கொடுக்கும் பிள்ளைகள் யார் யார் என்பது வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆயாவுக்கும் வேன் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்திருந்தால், அந்தக் குறியீட்டைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அலுவலகக் கோப்போடு நிறுத்தச் சொல்வதுதான் நீங்கள் நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.